பிரியாமல் நிற்கும் பூண்டு வெண்ணெய் சாஸ்: ஐந்து ஞாயிறுகளின் பதிவு

எங்கள் தலைமுறையினர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பழக்குலைகளை நீராவியில் வேகவைத்துப் பிழியும்போது வரும் கலங்கலான சாற்றைத் தெளிப்புத் தொட்டியில் ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் சூட்டில் நிறுத்தினால், எண்ணெய் மேலே மிதந்து வரும், நீரும் சேறும் அடியில் தங்கும். மேலே வந்த எண்ணெயில் இன்னும் எவ்வளவு ஈரம் ஒட்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு ஷிப்டிலும் அளந்து எழுதி வைப்பது என் வேலை. எண்ணெயையும் தண்ணீரையும் பிரிப்பதிலேயே இத்தனை ஆண்டுகளைக் கழித்த நான், அவை இரண்டையும் பிரியவிடாமல் காப்பதுதான் பூண்டு வெண்ணெய் சாஸின் முழு வேலையும் என்பதை, வீட்டு அடுப்பில் மூன்றாவது முறை தோற்றபோதுதான் புரிந்துகொண்டேன்.

தொடக்கம் அம்மாவுக்காக. வயிற்றுப்புண் வந்த பிறகு அவரால் காரமான இறால் பிரட்டலைச் சாப்பிட முடிவதில்லை. கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பமாகக் கோல சிலாங்கூர் போய், ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்தில் சாப்பிட்டோம். அங்கே வந்த வெண்ணெய் இறாலில் மிளகாயை ஒதுக்கிவிட்டு, அடியில் நின்ற பாலேடு போன்ற சாஸைச் சோற்றில் பிசைந்து அம்மா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். “இதை வீட்டிலேயே செஞ்சு தர முடியாதாய்யா?” என்று வண்டியில் வரும்போது கேட்டார். முடியும் அம்மா என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஞாயிறு காலை மறுபடியும் பாசிர் பெனாம்பாங் போய் அரைக் கிலோ வெள்ளை இறாலைத் தலையோடு வாங்கி வந்தேன். வெண்ணெய், கடையில் விற்கும் 250 கிராம் கட்டி, உப்புப் போட்டது. குவாலி என்னும் வாணலியை நன்றாகக் காயவைத்து, நூறு கிராம் வெண்ணெயைப் போட்டு, அது உருகி நுரைத்து அடங்கியதும், பொடியாக நறுக்கிய பூண்டைக் கொட்டினேன். நம் வீடுகளில் தாளிக்கும் முறையே அதுதான். ஒரு நிமிடத்திற்குள் பூண்டு செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. அதிலேயே இறாலைப் போட்டு வதக்கித் தட்டில் எடுத்தபோது, இறால் மஞ்சள் எண்ணெயில் குளித்துக் கிடந்தது. பூண்டு கருகிய துகளாக அடியில் படிந்திருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, “கசக்குதுய்யா” என்றார்.

வெண்ணெய் வெறும் கொழுப்பன்று என்பதை மறந்ததுதான் அன்றைய தவறு. அதில் கொழுப்பு குறைந்தது 80 விழுக்காடும், தண்ணீர் ஏறக்குறைய 16 விழுக்காடும், மிச்சம் சிறிதளவு பால் புரதமும் பாற்சர்க்கரையும் இருக்கின்றன. வெண்ணெய் உருகும்போது கேட்கும் சலசலப்பும் எழும் நுரையும் அந்தத் தண்ணீர் ஆவியாகும் அடையாளம். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். நுரை அடங்கி ஓசை நின்றுவிட்டால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு சூடு தடையின்றி ஏறும், பால் புரதம் சிவக்கும், இயல்பிலேயே சர்க்கரைச் சத்து மிகுந்த பூண்டு அதைவிட விரைவாகச் சிவந்து கசக்கும். நெய் காய்ச்சும்போது அந்த ஓசை அடங்குவதற்காகத்தான் அம்மா காத்திருப்பார். நெய்க்குச் சரியான அந்தத் தருணம் இந்தச் சாஸுக்குக் காலங்கடந்த தருணம்.

இரண்டாம் ஞாயிறு முழுவதையும் பூண்டுக்கே கொடுத்தேன். இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வரும் பெரும்பல் பூண்டு. ஒவ்வொரு பல்லையும் நெடுக்காகப் பிளந்து நடுவிலிருந்த பச்சை முளையை எடுத்துவிட்டேன், ஏனென்றால் முளைவிட்ட பூண்டில் கசப்பு அந்த முளையில்தான் தங்குகிறது. பூண்டை நசுக்கினால்தான் அதன் மணம் பிறக்கும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முழுப்பல்லில் அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் நசுங்கும்போது அவை ஒன்றையொன்று தொட்டு அல்லிசின் உண்டாகிறது. நசுக்கியவுடன் சட்டியில் போட்டால் சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். எலுமிச்சைப் புளிப்பை உடனே சேர்த்தாலும் அதே விளைவுதான். ஆகவே நசுக்கி, நறுக்கி, பத்து நிமிடம் பலகையிலேயே விட்டேன்.

பிறகு குளிர்ந்த சட்டியில் இருபது கிராம் வெண்ணெய், நறுக்கிய பூண்டு, ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, அதன் பிறகே அடுப்பை மிகச் சிறு தீயில் மூட்டினேன். அந்த ஒரு கரண்டித் தண்ணீர்தான் காவல். அது இருக்கும்வரை பூண்டு பொரியாது, வேகும். ஆறேழு நிமிடத்தில் பூண்டு கண்ணாடி போலாகி, விரலால் அழுத்தினால் மசிந்தது. நிறம் மாறவே இல்லை. பச்சை நெடி போய், சற்றே இனிப்புக் கலந்த மணம் கூடம்வரை வந்தது. பூண்டின் வேலை அத்தோடு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் நான் எதையும் மாற்றவில்லை.

அன்றே வேறொரு சோதனையும் செய்து பார்த்தேன். நான் பிறந்த லயத்து வீட்டில் வெண்ணெய் என்பது கண்ணால் காணாத பொருள். டின்னில் வரும் மார்ஜரின்தான் எங்கள் வெண்ணெய். ரொட்டியில் அதைத் தடவி மேலே சீனி தூவி அம்மா கொடுத்த நாள்கள் நினைவில் இருக்கின்றன. செம்பனை எண்ணெயிலிருந்து செய்த மார்ஜரினை அதே அளவில் அதே முறையில் தனிச்சட்டியில் செய்து, இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்தோம். மார்ஜரின் கெட்டியாகத்தான் நின்றது, ஆனால் வாயில் மேலண்ணத்தில் ஒட்டியது, பாலின் மணம் அதில் இல்லை. பால் கொழுப்பு 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடுவதால் உடம்புச் சூட்டிலேயே நாவில் கரைந்து போகிறது, அந்த இதம்தான் வெண்ணெய் சாஸின் உயிர். செம்பனையால் பிழைப்பு நடத்துகிறவன் நான். கறியும் பொரியலும் வறுவலும் செம்பனை எண்ணெயில்தான் எங்கள் வீட்டில் நடக்கின்றன. இந்த ஒரு சாஸுக்கு மட்டும் பால் வெண்ணெய்தான் வேண்டும் என்பது என் முடிவு.

ஆனாலும் இரண்டாம் ஞாயிற்றுச் சாஸ் சாஸாக இல்லை. கசப்பில்லாத பூண்டு மிதக்கும் உருகிய வெண்ணெயாகவே இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மேலே தனியாக எண்ணெயும் அடியில் வெள்ளைக் கசடுமாகப் பிரிந்துபோனது.

மூன்றாம் ஞாயிறு, மிச்ச வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும் என்று நினைத்துச் செய்தேன், பிரிந்தது. வேகமாக அடித்தேன், சற்று நேரம் கூடி நின்று மறுபடியும் பிரிந்தது. அந்தச் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் ஆலையின் தெளிப்புத் தொட்டி மனத்தில் வந்தது. எங்கள் தொட்டியில் எண்ணெய் எதனால் பிரிகிறது? சூட்டினால். சூடு ஏற ஏற எண்ணெய் இளகுகிறது, துளிகள் எளிதாக நகர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன, சேர்ந்த துளி பெரிதாகி மேலே வருகிறது. ஆலையில் நான் நீராவி கொடுத்துச் செய்விப்பதை அடுப்பில் தீ கொடுத்துச் செய்துகொண்டிருந்தேன். நான் செய்ய வேண்டியது தலைகீழ் வேலை. சூட்டைக் குறைக்க வேண்டும், கொழுப்பைச் சிறுசிறு துளியாக உடைக்க வேண்டும், அந்தத் துளிகள் மிதப்பதற்குப் போதுமான நீரும் வேண்டும்.

வெண்ணெய்க் கட்டி ஒரு பால்மம்தான், அதாவது கொழுப்பும் நீரும் பிரியாமல் கலந்து நிற்கும் கலவை, ஆனால் அதில் கொழுப்புக்குள் நீர்த்துளிகள் அடைபட்டிருக்கின்றன. சாஸில் அது மாறி, நீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதக்க வேண்டும், பாலேடு இருப்பதைப் போல. பால் புரதமும் வெண்ணெயிலேயே இருக்கும் லெசித்தினும் அந்தத் துளிகளைச் சுற்றித் தோல் போல நின்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. சூடு ஏறக்குறைய 58 பாகையைத் தாண்டினால் கொழுப்பு கசிந்து வெளியேறத் தொடங்கும். பிரெஞ்சுச் சமையலில் பேர் பிளாங் என்று அழைக்கப்படும் வெள்ளை வெண்ணெய் சாஸ் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைனையும் காடியையும் சுண்டவைத்து நீராகப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் மது புழங்குவதில்லை. அந்த இடத்துக்கு எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி குப்பைக்குப் போகவிருந்த இறால் தலைகளைக் காட்டி, “இதைக் கொதிக்க வைச்சுப் பாருங்களேன்” என்றார். இந்தச் சாஸில் மிகச் சிறந்த யோசனை அவருடையதுதான்.

அரைக் கிலோ இறாலின் தலையையும் ஓட்டையும் ஒரு கரண்டி எண்ணெயில் நான்கைந்து நிமிடம் அழுத்தி வதக்கினால், சாம்பல் நிறம் போய் அழகான செம்மஞ்சள் வரும். பச்சை இறாலின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற நிறமி புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் நிறமி விடுபடுகிறது. அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெயும் அதே நிறத்தைப் பெறுகிறது. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய்க்குச் சிவப்பைக் கொடுக்கும் கரோட்டீனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தினமும் ஆய்வுக்கூடக் குடுவையில் பார்க்கும் நிறத்தை வீட்டுச் சட்டியில் பார்த்தபோது உண்மையில் மகிழ்ந்தேன். அதில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி, பதினைந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நான்கு மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லி ஆகும்வரை சுண்டவைத்தேன்.

நான்காம் ஞாயிறு சாஸ் கூடியது. பூண்டு வெந்த சட்டியில் இறால் சாற்றை ஊற்றி, அடுப்பை அணைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டுதுண்டாகப் போட்டு, முட்டை அடிக்கும் கம்பியால் விடாமல் கலக்கினேன். கண் முன்னே அது இளஞ்செம்மஞ்சள் பாலேடாக மாறியது. ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. உப்பு போட்ட வெண்ணெயும் சுண்டிய இறால் சாறும் சேர்ந்து உப்பு தாங்க முடியாமல் போனது. கடலில் பிறந்ததற்குத் தன் உப்பு உண்டு, சுண்டச் சுண்ட அது கூடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்து, இறால் வேகும்வரை சாஸ் ஆறிவிடக் கூடாதே என்று மறுபடியும் தீயில் வைத்தேன், ஓரத்தில் எண்ணெய் வளையம் கட்டியது. அந்த வளையம்தான் முதல் எச்சரிக்கை. அதைக் கண்டதும் சட்டியை இறக்கி ஒரு மேசைக்கரண்டிக் குளிர்ந்த நீரை விட்டு அடித்திருந்தால் போதும். நான் தாமதித்ததால் முழுவதும் பிரிந்தது. பிறகு வேறொரு சுத்தமான சட்டியில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொண்டு, பிரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்து மீட்டேன். மீட்கலாம், ஆனால் முதலில் இருந்த பளபளப்பு திரும்புவதில்லை.

ஐந்தாம் ஞாயிறு செய்ததை அளவுகளோடு எழுதுகிறேன், ஏனென்றால் இனி இதைத்தான் தொடர்ந்து செய்யப் போகிறேன்.

உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம். அதில் 20 கிராம் பூண்டுக்கு, மீதி 100 கிராம் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டப்பட்டுக் கடைசி நிமிடம்வரை குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்த வெண்ணெய் பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். குழைந்த வெண்ணெய் சட்டியில் விழுந்தவுடன் உருகி எண்ணெயாகிவிடும், குளிர்ந்த துண்டோ மெல்ல உருகிக்கொண்டே சட்டியின் சூட்டையும் இறக்குகிறது. பூண்டு பத்துப் பெரும்பல், மேலே சொன்னபடி நசுக்கி, பத்து நிமிடம் வைத்து, தண்ணீரோடு வேகவைத்தது. இறால் சாறு 60 மில்லி. சாற்றை ஊற்றியதும் ஒரு கொதி வரவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். குமிழ்கள் முழுவதும் அடங்கிய பிறகு இரண்டு துண்டு வெண்ணெய், அவை முக்கால்வாசி கரைந்ததும் அடுத்த இரண்டு. இடையில் சட்டி ஆறுவது போலத் தெரிந்தால் மிகச் சிறு தீயில் ஐந்தாறு விநாடி காட்டி எடுக்கலாம். வெப்பமானி வைத்துக் கலக்கினேன், 50க்கும் 58க்கும் இடையிலேயே நிறுத்தினேன். வெப்பமானி இல்லாதவர்கள் சட்டியின் பக்கத்தில் புறங்கையை ஒட்டிப் பார்க்கலாம். சுடுகிறது, ஆனால் ஒரு நொடி தாங்க முடிகிறது என்றால் ஏறக்குறைய அந்தச் சூடுதான். மிகவும் ஆறவிடுவதும் தவறு. 30 பாகைக்குக் கீழே போனால் கொழுப்பு உறையத் தொடங்கும், உறைந்ததை மறுபடியும் சூடாக்கினால் நிச்சயம் பிரியும்.

கடைசியில் இரண்டு தேக்கரண்டி லீமாவ் கஸ்தூரி என்ற சிறு புளிப்புப் பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத்தூள், சுவைத்துப் பார்த்த பிறகே உப்பு. எலுமிச்சையைவிடக் கஸ்தூரி இதற்குப் பொருந்துகிறது. அதன் தோலின் மணம் வெண்ணெயின் திகட்டலை அறுக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் மணம் கொதியோடு போய்விடும்.

சாஸ் காத்திருக்கலாம், இறால் காத்திருக்காது. ஆகவே சாஸை முதலில் முடித்து, வெதுவெதுப்பான நீரால் அலசிய வாயகன்ற ஃபிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டேன். அரைமணி நேரம் அது அசையாமல் நின்றது. கொதிநீரால் ஃபிளாஸ்கை அலசக் கூடாது. அதன் பிறகு இறால். கழுவிய இறாலைத் துணியில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். ஈர இறால் சட்டியில் நீர்விட்டு அவியுமே தவிர வதங்காது, அந்த நீர் பிறகு சாஸையும் இளக்கிவிடும். நன்றாகக் காய்ந்த குவாலியில் ஒரு கரண்டி எண்ணெய், இறால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். பிறை போல வளைந்தால் வெந்துவிட்டது, மோதிரம் போலச் சுருண்டால் வேக்காடு மிஞ்சிவிட்டது. இறாலை எடுத்த அதே எண்ணெயில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகப் பொரித்துக்கொண்டேன். இந்நாட்டுச் சீன உணவகங்களின் வெண்ணெய் இறாலில் கறிவேப்பிலை தவறாமல் இருக்கும். நம்மிடமிருந்து போன இலை அந்தச் சட்டியில் இவ்வளவு இயல்பாக அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அதைச் சாஸுக்குள் போட்டுக் கலக்கினால் நமத்துப் போகும், தட்டில் மேலே தூவுவதே சரி. எங்களுக்கு ஒரு சிலி பாடி மிளகாயையும் அதோடு பொரித்தேன், அம்மாவின் தட்டில் போடவில்லை.

இறாலைத் தட்டில் அடுக்கி, சாஸை மேலே ஊற்றிக் கொடுத்தேன். சூடான குவாலிக்குள் சாஸை ஊற்றிப் பிரட்டக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரட்டும் பழக்கம் நம் கையில் ஊறியது, ஆனால் அந்தக் குவாலியின் சூடு நொடியில் எல்லாவற்றையும் எண்ணெயாக்கிவிடும். அம்மா இறாலை ஓரம் ஒதுக்கிவிட்டு முதலில் சாஸையே சோற்றில் பிசைந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் இருக்கா?” என்றார்.

மறுவாரம் இதே சாஸை ஆவியில் வேகவைத்த சியாக்காப் மீனுக்கும் ஊற்றிப் பார்த்தேன். நம் கொடுவாதான் அது. மீன் வெந்த தட்டில் தேங்கும் நீரை வடித்துவிட்டு ஊற்றினால் இறாலைவிடவும் நன்றாக இருக்கிறது. கணவாய்க்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. சட்டியை விட்டு இறக்கிய பிறகும் அது நீர் விட்டுக்கொண்டே இருப்பதால், தட்டின் அடியில் சாஸ் நீர்த்துப் போகிறது.

மிச்சமானதைப் பற்றி ஒன்று. பூண்டு கலந்த கொழுப்பை அறைச் சூட்டில் வைத்திருப்பது ஆபத்தானது, ஏனென்றால் காற்றுப் புகாத கொழுப்புக்குள் பூண்டோடு வந்த போட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்க முடியும், அது மணத்திலோ சுவையிலோ தெரியாது. ஆகவே சாப்பிட்டு முடித்தவுடன் மீதியை மூடிய கிண்ணத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுகிறோம். அது மறுபடியும் சாஸாகாது, சூடாக்கினால் பிரியும். மறுநாள் காலையில் என் மனைவி அந்த உறைந்த வெண்ணெயை ஒரு கரண்டி எடுத்து, காய்ந்த சட்டியில் போட்டு, பழைய சோற்றையும் ஒரு முட்டையையும் சேர்த்துக் கிளறி, நான் ஆலைக்குப் போகும்போது டிஃபன் கேரியரில் வைத்துக் கொடுத்தார்.